பள்ளிப் பிள்ளைகளின் வயிற்றுவலியும் மலச்சிக்கலும்: 10 சதவீதமா, 29 சதவீதமா? எப்படிக் கணக்கெடுப்பது?

கோபி_வவுனியா

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கல்வி வலயத்தில் தரம் 6 முதல் 11 வரையுள்ள பிள்ளைகளிடம் வயிற்றுத் தொல்லைகள் பற்றி ஒரு கணக்கெடுப்புச் செய்ய யோசிக்கிறோம். ஸ்கானிலும் இரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் பிடிபடாது, ஆனால் பிள்ளைக்குத் தொல்லை நிஜமாகவே இருக்கும். அந்தச் செயற்பாட்டுக் கோளாறுகள்தான் எங்கள் இலக்கு. முன்னைய ஆய்வுகளைப் படித்தால் ஒன்றில் 10.8 சதவீதம், ஒன்றில் 12.5, இன்னொன்றில் 28.8. இதில் எதை நம்பி மாதிரி அளவைத் தீர்மானிப்பது? கேள்விகளை எப்படி அமைப்பது? வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராகமை

கோபி, மூன்றுமே சரியான எண்கள்தான். ஒவ்வொன்றும் வேறொன்றை எண்ணியிருக்கிறது, அவ்வளவுதான்.

10.8 சதவீதம் 1958இல் ஏப்லி, நெய்ஷ் என்ற மருத்துவர்கள் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1000 பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்த கணக்கு. அவர்களின் அளவுகோல் எளியது. மூன்று மாதத்துக்குள் குறைந்தது மூன்று தடவை, பிள்ளையின் அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்கு வயிற்றுவலி வந்திருக்க வேண்டும். மலச்சிக்கலோ ஏப்பமோ அதில் சேராது.

12.5 சதவீதம் களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தைச் சேர்ந்த நிரங்க தேவநாராயண, ஷமன் ராஜிந்திரஜித் குழுவினர் 2011இல் வெளியிட்டது. 10 முதல் 16 வயது வரை 2163 பிள்ளைகள், ரோம் III அளவுகோல் (குடலின் செயற்பாட்டுக் கோளாறுகளை வரையறுக்கும் சர்வதேச அளவுகோலின் மூன்றாம் பதிப்பு; நான்காவது ரோம் IV). எண்ணியது வலியை முதன்மையாகக் கொண்ட கோளாறுகளை மட்டும்: குடல் எரிச்சல் நோய் என்கிற ஐபிஎஸ் (மலம் போகும் பழக்கம் மாறுவதோடு வரும் வலி) 4.9, செயற்பாட்டு வயிற்றுவலி 4.4, செயற்பாட்டு அஜீரணம் 2.5, வயிற்று ஒற்றைத்தலைவலி (ஒற்றைத்தலைவலி மாதிரி விட்டுவிட்டு வரும் கடும் வயிற்றுவலி) 1.0. கூட்டினால் 12.8 வரும். இரண்டு கோளாறு ஒருங்கே உள்ள சில பிள்ளைகள் இருப்பதால்தான் அந்த வித்தியாசம்.

28.8 சதவீதமும் இலங்கைக் கணக்குத்தான், அதே ரோம் III. ஆனால் 12 முதல் 16 வயது வரை 427 பிள்ளைகள் மட்டுமே. வலி, மலச்சிக்கல், காற்று விழுங்குதல் என்று செயற்பாட்டுக் கோளாறுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தது. ஆகவே 12.5ஐயும் 28.8ஐயும் பக்கத்தில் வைத்து "கூடிவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள்.

மலச்சிக்கலைத் தனியாகப் பார்த்த 2012 ஆய்வில் 2694 பேரில் 15.4 சதவீதம். காற்று விழுங்குதல் 7.5 சதவீதம். உலக அளவில் 2015இல் 58 ஆய்வுகளைத் திரட்டியபோது வலிக் கோளாறுகள் 13.5 சதவீதம் என்று வந்தது. அமெரிக்காவில் 4 முதல் 18 வயது வரை தாய்மாரிடம் ரோம் IV கேள்விகளைக் கேட்டபோது எல்லாக் கோளாறும் சேர்ந்து 25 சதவீதம். இலங்கை எண்கள் இவற்றிலிருந்து அதிகம் விலகவில்லை. இது பணக்கார நாட்டு வியாதி என்ற எண்ணத்தைக் கைவிட இதுவே போதும்.

40 பேர் உள்ள ஒரு வகுப்பில் வலி உள்ளவர்கள் ஐந்து பேர், மலச்சிக்கல் உள்ளவர்கள் ஆறு பேர் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் வருகிற பிள்ளைகள் உண்டு, அதனால் பதினொன்று என்று கூட்டக் கூடாது.

எண்கணக்கு

மாதிரி அளவை நான் சொல்கிறேன். மலச்சிக்கலும் உங்கள் கேள்வித்தாளில் இருக்கிறது, அதன் எண் பெரியது. அதை வைத்தே கணக்கிடுங்கள், வலிக் கோளாறுகளுக்கும் அதுவே போதும்.

எதிர்பார்க்கும் வீதம் 0.154. பிழை எல்லை கூட்டியோ குறைத்தோ 2 சதவீதப் புள்ளி. 3.84ஐ (95 சதவீத நம்பகத்துக்கான எண்) 0.154ஆலும் மீதியான 0.846ஆலும் பெருக்கி, 0.02இன் வர்க்கமான 0.0004ஆல் வகுத்தால் சுமார் 1251. இது பிள்ளைகளை ஒவ்வொருவராகக் குலுக்கி எடுத்தால் மட்டும் சரி. நீங்கள் முழு வகுப்புகளாக எடுக்கப் போகிறீர்கள். ஒரே வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே மலசலகூடம், ஒரே நேர அட்டவணை, ஒரே ஆசிரியர். அவர்கள் பதில்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அதற்கு 1.5 மடங்கு கூட்டுங்கள்: 1877. பத்தில் ஒருவர் வராமல் அல்லது அரைகுறையாக நிரப்பித் தருவார், எனவே 0.9ஆல் வகுத்து 2086. வகுப்புக்கு 35 பேர் என்றால் 60 வகுப்புகள்.

ஆள்பலம் இல்லையென்றால் பிழை எல்லையை 3 சதவீதமாக்குங்கள். எல்லாம் சேர்த்து 930 பேருக்குள் முடியும். ஆனால் அந்த அளவில் "பெண் பிள்ளைகளுக்கு அதிகமா, தரம் 11க்கு அதிகமா" என்று உள்ளே பிரித்துப் பார்க்கப் போகாதீர்கள், எண் தாங்காது.

பாடசாலைகளைத் தேர்ந்தெடுக்கும்போது மாணவர் தொகைக்கு ஏற்ற வாய்ப்பு கொடுங்கள். வசதியான பாதையோரப் பாடசாலைகளை மட்டும் எடுத்தால் தண்ணீர் வசதி உள்ளவைதான் மாட்டும். அன்று வராத பிள்ளைகளின் பட்டியலையும் எடுத்து வைத்து, ஒரு வாரத்துக்குள் திரும்பப் போய் நிரப்ப வையுங்கள். வயிற்றுவலிக்காரப் பிள்ளைதானே அன்று வீட்டில் நிற்கும்? அவர்களை விட்டால் நீங்கள் தேடிப் போனதையே விட்டுவிட்டு வந்த மாதிரி.

வதனி_ரீச்சர்

கேட்கிறேன் என்று குறை நினைக்க வேண்டாம். திங்கட்கிழமை காலையிலும் தவணைப் பரீட்சைக்கு முன்னும் வயிற்றுவலி என்று வருகிற பிள்ளைகள் எல்லாப் பாடசாலையிலும் இருக்கிறார்கள். அவர்களையும் இந்தக் கணக்கில் சேர்ப்பதா? நிஜ வலியையும் சாக்குப்போக்கையும் ஆசிரியர்கள் எப்படிப் பிரித்தறிவது?

செண்பகம்_குழந்தைநலம்

பிரிக்கவே வேண்டாம் டீச்சர். பரீட்சைக்கு முன்னால் வருகிற வலியும் வலிதான். குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓயாமல் செய்தி போய்வருகிறது. இந்தப் பிள்ளைகளுக்குக் குடல் சுவரின் உணர்வு வாசல் தாழ்ந்திருக்கும். சாதாரணமாகக் குடல் விரிந்தாலே, மற்றப் பிள்ளைகள் உணராத அளவிலேயே, இவர்களுக்கு வலி தெரியும். மனஅழுத்தம் அந்த வாசலை இன்னும் தாழ்த்திவிடும். அதனால்தான் 2016இல் ரோம் IV வந்தபோது இவற்றைக் குடல்-மூளைத் தொடர்புக் கோளாறுகள் என்று அழைக்கத் தொடங்கினார்கள். ராகமக் குழு இரைப்பை காலியாகும் வேகத்தை ஸ்கேனில் அளந்தபோதும், வலி உள்ள பிள்ளைகளுக்கு அது மந்தமாக இருந்தது தெரிந்தது.

ஆசிரியரும் பெற்றோரும் செய்யக்கூடிய ஒன்று உண்டு. 2006இல் அமெரிக்காவில் லின் வாக்கர் குழுவினர் பிள்ளைகளை வயிறு நிறையத் தண்ணீர் குடிக்க வைத்து, அசௌகரியம் வந்தபோது தாய் என்ன செய்ய வேண்டும் என்று முன்பே பயிற்சி கொடுத்தார்கள். "ரொம்ப வலிக்குதா, எங்கே வலிக்குது" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தபோது பிள்ளையின் முறையீடு கிட்டத்தட்ட இரட்டிப்பானது. பேச்சை வேறு பக்கம் திருப்பியபோது பாதியாகக் குறைந்தது. ஆகவே ஒருமுறை கேளுங்கள், நம்புங்கள், "சரிம்மா, பத்து நிமிஷம் உட்கார்ந்துட்டு கிளாஸுக்கு வந்துடு" என்று சொல்லுங்கள். திரும்பத் திரும்ப விசாரிக்கவும் வேண்டாம், வீட்டுக்கு அனுப்பவும் வேண்டாம். வீட்டுக்கு அனுப்பப் பழகினால் பள்ளிக்கு வருவதே வலியைத் தூண்டும் காரணமாகிவிடும்.

ஆனால் ஒரே பிள்ளை ஒரே பாடவேளையில், ஒரே ஆசிரியரின் வகுப்புக்கு முன் வலி என்று வந்தால் அங்கே கவனிக்க வேண்டியது வயிறு அல்ல. அடி, அவமதிப்பு, பாலியல் தொல்லை ஆகியவற்றுக்கும் இந்தக் கோளாறுகளுக்கும் தொடர்பு இருப்பதை இலங்கை ஆய்வுகளே காட்டியிருக்கின்றன.

மலர்_செவிலி

பேச்சு வலியிலேயே நிற்கிறது. என்னைக் கேட்டால் பள்ளிகளில் முதலில் பார்க்க வேண்டியது மலச்சிக்கல். கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும் அதைத்தான் சுலபம்.

நடப்பது இதுதான். அரசுப் பாடசாலை 7.30க்குத் தொடங்குகிறது. தூரத்துப் பிள்ளை வேன் பிடிக்க 6.15க்கு வாசலில் நிற்க வேண்டும். காலைச் சாப்பாட்டுக்குப் பின் 20, 30 நிமிடத்தில் பெருங்குடல் தானாக அசைந்து உந்துதல் வரும். அந்த நேரத்தில் பிள்ளை வேனில் இருக்கிறது. இடைவேளை 20 நிமிடம், மலசலகூட வாசலில் வரிசை, கதவில் கொண்டி இல்லை, வாளியில் தண்ணீர் இல்லை. பிள்ளை அடக்கிக்கொள்கிறது. அடக்கிய மலத்திலிருந்து பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மறுநாள் அது தடித்து இறுகி, வரும்போது வலிக்கும், சில நேரம் ஆசனவாயில் வெடிப்பும் வரும். வலிக்குப் பயந்து இன்னும் அடக்கும். சில மாதங்களில் மலக்குடல் விரிந்து உந்துதல் உணர்வே மங்கிப்போகிறது.

அடுத்த கட்டம்தான் கொடுமை. இறுகிய மலத்தைச் சுற்றி இளகிய மலம் வழிந்து உள்ளாடையில் கறையாகப் படியும். வீட்டார் அதை வயிற்றோட்டம் என்று நினைத்து நிறுத்தும் மருந்து கொடுப்பார்கள், அல்லது சோம்பேறி, அழுக்கு என்று அடிப்பார்கள். பிள்ளைக்கு அது கசிவது தெரியவே தெரியாது. இலங்கையில் 2 சதவீதப் பிள்ளைகளுக்கு இப்படி மலம் கசிந்தது, அவர்களில் ஐந்தில் நால்வருக்கு மேல் காரணம் மலச்சிக்கல். கேள்வித்தாளில் இந்த ஒரு கேள்வி கட்டாயம் இருக்கட்டும்: "கடந்த ஒரு மாதத்தில் உன்னை அறியாமல் உள்ளாடையில் மலம் பட்டதுண்டா?" இதைப் பிள்ளைகள் வாயால் சொல்ல மாட்டார்கள், எழுத்தில் சொல்வார்கள்.

ராகமை

மலர் அக்கா சொன்னதோடு சேர்த்துக் கேள்வித்தாள் பற்றி.

"உனக்கு மலச்சிக்கல் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள், எண்ணிக்கையைக் கேளுங்கள். ரோம் IVஇல் மலச்சிக்கலுக்கு ஆறு அறிகுறிகள்: வாரத்துக்கு இரண்டு தடவையோ அதற்குக் குறைவாகவோ மலம் போவது, வாரத்துக்கு ஒரு தடவையாவது கசிவது, அடக்கும் பழக்கம், வலியோ கடினமோ ஆன மலம், மலக்குடலில் பெரிய மலக்கட்டி, மலசலகூடமே அடைத்துப்போகும் அளவுக்குத் தடித்த மலம். இதில் இரண்டு, வாரம் ஒருமுறையாவது, ஒரு மாதமாக இருக்க வேண்டும். மலக்கட்டியை வைத்தியர் கைவைத்துத்தான் பார்க்க முடியும், ஆகவே கேள்வித்தாளில் ஐந்துதான் வரும். ரோம் IIIஇல் இரண்டு மாதம் கேட்டார்கள். வலிக்கு ரோம் IVஇல் மாதத்தில் குறைந்தது நான்கு நாள், இரண்டு மாதமாக. எந்தப் பதிப்பு என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். பதிப்பைக் கலந்தால் யாரோடும் ஒப்பிட முடியாது.

மலத்தின் தன்மைக்கு, அதை ஏழு வகையாகப் படத்தில் காட்டும் பிரிஸ்டல் படத்தாளை ஒட்டுங்கள். வகை 1, 2 இறுகல், 6, 7 தளர்வு. வலி எங்கே என்பதற்கு வயிற்றின் கோட்டுப்படம் கொடுத்துப் புள்ளியிடச் சொல்லுங்கள்.

10 வயதுக்கு மேல் பிள்ளையே நிரப்பலாம். அதற்குக் கீழே பெற்றோரிடம் கேட்க வேண்டும், ஆனால் ஏழு வயதுப் பிள்ளை பாடசாலையில் என்ன செய்கிறது என்பது தாய்க்குத் தெரியாது. நீங்கள் தரம் 6இல் தொடங்குவது நல்லது. பரீட்சை மண்டபம் மாதிரி இடைவெளி விட்டு இருத்துங்கள், வகுப்பாசிரியர் வெளியே நிற்கட்டும். பக்கத்துப் பிள்ளை எட்டிப்பார்த்தால் கசிவுக் கேள்விக்கு எல்லோரும் "இல்லை" என்றுதான் போடுவார்கள்.

காலமும் முக்கியம். கேள்விகள் பின்னோக்கி இரண்டு மாதத்தைக் கேட்கின்றன. சித்திரை விடுமுறை முடிந்த கையோடு போனால் வீட்டில் இருந்த நாட்களும் கலந்துவிடும். தவணை தொடங்கி எட்டு வாரம் கழித்து, பரீட்சைக்கு முன்பாகப் போங்கள்.

கோபி_வவுனியா

மிக்க நன்றி. ஒரு சந்தேகம். பூச்சித் தொல்லையும் இதே மாதிரித்தானே தெரியும்? எல்லோருக்கும் முதலில் பூச்சி மருந்து கொடுத்துவிட்டுத் தொடங்கலாமா? எந்தப் பிள்ளைக்குப் பரிசோதனை தேவை என்பதை எப்படி முடிவு செய்வது?

செண்பகம்_குழந்தைநலம்

பூச்சி மருந்துக்கு அதற்கான நியாயம் தனியாக இருக்கிறது. இந்தியாவில் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளில் பள்ளிகளில் அல்பெண்டசோல் 400 மி.கி. கொடுப்பது புழுச்சுமையைக் குறைக்கத்தான். மாதக்கணக்காகத் தொப்புளைச் சுற்றி வருகிற வலிக்கு அதை விடையாக எடுத்துக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தால் உண்மையான சிகிச்சைதான் தள்ளிப்போகும்.

உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய அறிகுறிகள்: காரணமில்லாத எடைக்குறைவு, உயரம் வளராமல் நிற்பது, பூப்பு தாமதம், மலத்தில் ரத்தம், இரவில் தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் பேதி, விடாத வாந்தி (பச்சையாக வந்தால் அன்றே), விழுங்கும்போது வலி, காரணம் தெரியாத காய்ச்சல், மூட்டு வீக்கம், ஆசனவாயைச் சுற்றிச் சீழ், வலது மேல் அல்லது வலது கீழ் வயிற்றிலேயே நிற்கும் வலி, குடும்பத்தில் குடல் அழற்சி நோய். வலி தொப்புளை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு கவனம் தேவை என்று ஏப்லி சொன்னதை இன்றும் கையில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

இவை எதுவும் இல்லாமல், வளர்ச்சி அட்டையில் கோடு ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தால் பரிசோதனை மிகக் குறைவாகவே போதும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வயிற்றுவலி என்றதும் ஸ்கேன் எடுத்து "வயிற்றில் நெறி கட்டியிருக்கு" என்று எழுதிவிடுகிறார்கள். குடல் மடிப்பு நிணநீர் முடிச்சு குட்டை அச்சில் 8 மி.மீ.க்குள் இருந்தால் அது பிள்ளைகளுக்கு இயல்பு. அந்த ஒரு வரிக்காக ஆன்டிபயாடிக் மேல் ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிள்ளைகள், டி.பி.யா என்று கலங்கிய வீடுகள் ஏராளம். இந்த வகை வலிக்கு ஹெச். பைலோரி (இரைப்பைப் புண் கிருமி) சோதனையும் வேண்டாம் என்றுதான் சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. கோதுமையிலுள்ள குளூட்டனுக்கு எதிராக உடலின் எதிர்ப்பு சக்தியே குடலைத் தாக்கும் சீலியாக் நோய் வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல், தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவு. வடக்கே அதை வழக்கமாகத் தேடுவதில் நியாயம் உண்டு, நம் பக்கம் வளர்ச்சிக்குறைவோ ரத்தசோகையோ இருந்தால் தேடலாம்.

ரேவதி_உணவியல்

மலச்சிக்கல் என்று தெரிந்ததும் கீரை, பப்பாளி, தினம் மூன்று லிட்டர் தண்ணீர் என்று ஒரு தாள் எழுதிக் கொடுத்து அனுப்பும் வழக்கத்தை இங்கேயாவது நிறுத்துவோம். வயதோடு ஐந்தைக் கூட்டினால் வருகிற கிராம் நார்ச்சத்து (10 வயதுக்கு 15 கிராம்) அன்றாடம் கிடைத்தால் போதும். கிடைக்காத பிள்ளைக்கு அந்த அளவுக்குக் கொண்டுவருவது சரி. அதற்கு மேல் கூட்டினால் மலச்சிக்கல் தீரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தண்ணீரும் அப்படித்தான். ஏற்கெனவே மலம் இறுகி அடைத்திருக்கும் பிள்ளைக்கு நாரைக் கொட்டினால் வயிறு இன்னும் உப்பும்.

கோபி_வவுனியா

ஆனால் சாப்பாட்டை மாற்றிச் சுகமான பிள்ளைகளும் இருக்கிறார்களே, ரேவதி அக்கா?

ரேவதி_உணவியல்

இருக்கிறார்கள். தொடங்கி சில வாரமே ஆன, அடைப்பு இல்லாத மலச்சிக்கலுக்குச் சாப்பாடும் நேரமும் சேர்ந்து உதவும். நாள்பட்டதற்கு மருந்து வேண்டும், சாப்பாடு துணைக்குத்தான். வலிக்காரப் பிள்ளைகளுக்கு வெங்காயம், பூண்டு, பருப்பு, பால் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தச் சொல்வதும் தவறு. நம் சாப்பாட்டில் பருப்பை எடுத்தால் புரதத்துக்கு எங்கே போவது? சந்தேகம் இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு பொருள், இரண்டு வாரம் நிறுத்தி, திரும்பக் கொடுத்துப் பாருங்கள்.

மலர்_செவிலி

மருந்தளவு தெரிந்திருந்தால் பரிந்துரைக் கடிதம் எழுத உதவும். முடிவு மருத்துவருடையது.

2014இல் ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைக் குடல்நோய்ச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல்படி முதல் மருந்து பாலிஎத்திலீன் கிளைக்கால் தூள். அடைப்பை எடுக்க கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம், தினமும், 3 முதல் 6 நாள். பிறகு தொடர் அளவு கிலோவுக்கு 0.4 கிராமில் தொடங்கி, 0.2க்கும் 0.8க்கும் இடையில் கூட்டிக் குறைக்கலாம். 20 கிலோ பிள்ளை என்றால் அடைப்புக்கு 20 முதல் 30 கிராம், தொடர்ந்து 8 கிராம். அது கிடைக்காவிட்டால் லாக்டுலோஸ் கிலோவுக்கு 1 முதல் 2 கிராம். வழக்கமான சிரப்பில் 15 மி.லி.யில் 10 கிராம், ஆகவே அதே பிள்ளைக்கு 30 மி.லி.யில் தொடங்கும்.

இரண்டு இடத்தில்தான் பெரும்பாலும் சறுக்கும். முதலாவது, அடைப்பை எடுக்காமலே தொடர் அளவைத் தொடங்குவது. அப்போது கசிவு கூடி, மருந்து சேரவில்லை என்று விட்டுவிடுவார்கள். இரண்டாவது, நன்றாகப் போகிறதே என்று மூன்றாம் வாரம் நிறுத்துவது. குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும், தொல்லை நின்று ஒரு மாதம் ஆன பிறகே படிப்படியாகக் குறைக்க வேண்டும். விரிந்த மலக்குடல் சுருங்கிப் பழைய நிலைக்கு வர அவ்வளவு காலம் பிடிக்கும். பழகிவிடும் என்ற பயம் தேவையில்லை.

மருந்தோடு சாப்பாட்டுக்குப் பின் 5 முதல் 10 நிமிடம் உட்கார வைக்க வேண்டும். கொமோட்டில் கால் தொங்கினால் முக்க முடியாது. முழங்கால் இடுப்பை விட உயர்ந்து நிற்கும்படி காலுக்கு ஒரு பலகை வையுங்கள். காலையில் நேரமில்லாத வீட்டில் பாடசாலை முடிந்து மதியச் சாப்பாட்டுக்குப் பின் வைக்கலாம். போனால்தான் எழும்பலாம் என்று கட்டாயப்படுத்தாமல், உட்கார்ந்ததற்கே பாராட்டுங்கள்.

வலியும் மலச்சிக்கலும் சேர்ந்திருந்தால் முதலில் மலச்சிக்கலைச் சரிசெய்யுங்கள். வலியும் போய்விட்டால் அது மலச்சிக்கல் மட்டும்தான், போகாவிட்டால் ஐபிஎஸ்.

செண்பகம்_குழந்தைநலம்

அந்த மீதிப் பிள்ளைகளுக்கு மாத்திரையை விட மனப்பயிற்சிக்கே ஆதாரம் வலுவாக இருக்கிறது. நெதர்லாந்தில் 2007இல் 53 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் குடலை நோக்கிய ஹிப்னோதெரபி (அறிதுயில் சிகிச்சை) செய்து பார்த்தார்கள், மூன்று மாதத்தில் ஆறு அமர்வு. ஒரு வருடம் கழித்து அவர்களில் 85 சதவீதம் பேருக்கு வலி பெருமளவு தீர்ந்திருந்தது, வழக்கமான சிகிச்சை பெற்ற மற்றக் குழுவில் 25 சதவீதம். ஒலிப்பதிவு மூலம் வீட்டிலேயே செய்யும் முறையும் பின்னர் சோதிக்கப்பட்டது, அதிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நல்ல பலன் கிடைத்தது. தமிழில் நல்ல ஒலிப்பதிவுகள் உருவாக வேண்டும், இது உண்மையிலேயே அவசரத் தேவை.

எண்கணக்கு

கோபி, பிள்ளைகளிடம் கேட்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு பாடசாலையிலும் மலசலகூடத்தை நீங்களே பார்த்து ஒரு தனித்தாள் நிரப்புங்கள்: எத்தனை பிள்ளைக்கு ஒன்று, உள்ளே பூட்ட முடிகிறதா, இடைவேளையின் போது தண்ணீர் வருகிறதா, சவர்க்காரம் உண்டா, பாடவேளையில் போக அனுமதி உண்டா. அதிபரைக் கேட்டு நிரப்ப வேண்டாம், இடைவேளையில் நின்று பாருங்கள். பிறகு மலச்சிக்கல் வீதத்தைப் பாடசாலைவாரியாக இதனோடு வைத்துப் பார்க்கலாம். வலயக் கல்விப் பணிமனையில் காசு கேட்கப் போகும்போது கையில் இருக்க வேண்டியது அந்த அட்டவணைதான்.

கோபி_வவுனியா

சேர்த்துக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று. பெயரில்லாமல் நிரப்பினால்தான் உண்மை வரும். ஆனால் ஒரு பிள்ளை "மலத்தில் இரத்தம்" என்று எழுதினால் யாரென்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ராகமை

பெயருக்குப் பதில் இலக்கம் போடுங்கள். இலக்கமும் பெயரும் உள்ள பட்டியல் ஒரே ஒருவரிடம், பூட்டிய அலுமாரியில் இருக்கட்டும். அந்த ஆள் பாடசாலையைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. அபாய அறிகுறி உள்ள தாள்களை அன்று மாலையே பிரித்தெடுத்து, இலக்கத்தை மட்டும் அவரிடம் கொடுத்தால் அவர் பெற்றோரோடு நேரே பேசுவார். பெற்றோரின் சம்மதப் படிவத்திலும் பிள்ளையிடம் வாசிக்கும் அறிமுகத்திலும் "உன் உடல்நலத்துக்கு அவசரம் என்றால் மட்டும் உன்னைத் தேடி வருவோம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சொல்லாமல் தேடிப் போவது துரோகம். துன்புறுத்தல் பற்றிக் கேள்வி வைப்பதானால் யார் அந்தப் பிள்ளையோடு பேசுவார், அடுத்த நாள் என்ன நடக்கும் என்பதெல்லாம் முடிவான பிறகே வையுங்கள். 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்தைத் தாளின் கடைசிப் பக்கத்தில், கிழித்து எடுத்துப்போகக்கூடிய துண்டாக எல்லாப் பிள்ளைக்கும் அச்சடியுங்கள். எல்லோரிடமும் இருந்தால் எடுத்துப்போகிற பிள்ளை தனித்துத் தெரியாது.